வான்வழியா, தரைவழியா?

2025-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் முதற்கிழமையில் நம் நாட்டு விமான நிலையங்களில் நிகழ்ந்தவற்றை அன்பர்கள் மறந்திருக்க இயலாது. நாட்டின் மிகப் பெரிய உள்நாட்டு விமான நிறுவனம் டிசம்பர் 5-ஆம் நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை இரத்துச் செய்தது. முதியோரும் கைக்குழந்தை உடையோரும் நிலையத் தரையில் துணி விரித்துப் படுத்தனர். பெட்டிகள் ஓர் ஊரிலும் அவற்றுக்கு உரியவர்கள் மற்றோர் ஊரிலும் தங்க நேர்ந்தது. எஞ்சிய விமானங்களின் கட்டணம் பன்மடங்கு உயர்ந்தமையால், 500 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் பெறலாகாது என்று மைய அரசே வரம்பு கட்ட வேண்டியதாயிற்று.

அதன் பின்னர் நம் குடும்பங்களில் ஒரு பேச்சுப் பெருகியுள்ளது. “இனி விமானமே வேண்டா, பெங்களூர் என்ன, கோயம்புத்தூர் என்ன, காரிலேயே போய்விடலாம்” என்பதே அப்பேச்சு. சென்னையில் வாழும் பிள்ளைகள், பெங்களூரில் பணிபுரியும் மருமக்கள், வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டையும் நிலத்தையும் காத்திருக்கும் முதியோர் என மூன்றாகப் பிரிந்து வாழும் சமூகம் நம்முடையது. திருமணம், வளைகாப்பு, ஊர் ஜினாலயத்தின் விழா, உறவினர் இறப்பு என ஆண்டுக்கு நான்கு முறையேனும் ஒருவரை ஒருவர் நாடிச் செல்லாமல் இருக்க முடிவதில்லை. ஆகவே இவ்வினா நமக்கு ஏட்டுச்சுரைக்காய் அன்று. எனினும் அனைவரும் இதனை வசதியும் செலவும் பற்றிய வினாவாகவே பேசுகின்றனர். இஃது அறம் பற்றிய வினாவும் ஆகும் என்பதே நாம் இங்கே கூற விழைவது.

முதலில் விமானப் பயணத்தின் மீது மக்கள் கொண்டுள்ள சலிப்பு நியாயமானதே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னரே சென்று வரிசையில் நிற்க வேண்டும். முழங்காலில் உலோக மூட்டுப் பொருத்தப் பெற்ற நம்மைப் போன்றோர் சோதனை வாயிலைக் கடக்கையில் அஃது ஒலியெழுப்ப, தனியே அழைத்துச் சென்று மீண்டும் சோதிக்கின்றனர். இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம். பெட்டியின் எடை சற்று மிகுந்தால் அதற்கொரு கட்டணம். பொழுது சாய்ந்தபின் உண்ணா நோன்புடையோர் பாடு இன்னும் அரிது. மாலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் எட்டு மணிக்கு என்பார்கள். எட்டு மணி பத்தாகும். கையில் கொண்டுவந்த இட்டிலியை எப்போது உண்பது என்று தெரியாமல் கதிரவன் மறைவதைக் கண்ணாடிச் சுவர் வழியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். (விமான நிறுவனங்கள் பலவற்றின் உணவுப் பட்டியலில் ‘ஜெயின் உணவு’ என்றே ஒரு வகை இருப்பதும், வெங்காயம், பூண்டு, கிழங்கு இன்றி அதனைத் தருவதும் பாராட்டுக்கு உரியனவே. அதனை எந்நேரத்தில் தருகிறார்கள் என்பதுதான் சிக்கல்!) சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, நெடுநேரம் காக்க வைத்தால் சிற்றுண்டியும் உணவும் தர வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகுமெனில் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். கேட்டால்தான் தருவார்கள், ஆதலின் கேட்கத் தயங்கலாகாது.

இவ்வளவு இடர்ப்பாட்டுக்கும் மாற்றாகக் கார் நம் வீட்டு வாயிலிலேயே வந்து நிற்கிறது. வேண்டும் இடத்தில் நிறுத்தலாம். வேண்டும் போது உண்ணலாம். போளூரை அடுத்த திருமலையில் நேமிநாதப் பெருமானை வணங்கிவிட்டும் போகலாம். நேரக் கணக்கிலும் பெரிய வேறுபாடில்லை. சென்னையிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காரில் ஆறு ஏழு மணி நேரம். விமானம் வானில் பறப்பது ஒரு மணி நேரமே எனினும், தேவனஹள்ளியிலிருந்து நகருக்குள் வந்து சேர்வதையும் கூட்டினால் வீட்டிலிருந்து வீடு வரை ஐந்து மணிக்குக் குறையாது. ஆகவே காரைத் தேர்ந்தெடுப்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் இவ்வாறு ஒரு நாட்டு மக்கள் பெருந்திரளாக விமானத்தை விட்டுக் காருக்கு மாறியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உள்ளது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நான்கு விமானங்கள் கடத்தப்பட்டு மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் அச்சத்தாலும், புதிய சோதனைகளின் தொல்லையாலும் அந்நாட்டு மக்கள் பலர் தொலைவுப் பயணங்களையும் காரிலேயே மேற்கொண்டனர். கெர்ட் கிகெரென்சர் என்னும் ஜெர்மானிய உளவியல் அறிஞர் அதனை அடுத்த பன்னிரு திங்களின் சாலை விபத்துக் கணக்குகளை ஆராய்ந்து, அம்மாற்றத்தின் விளைவாக ஏறத்தாழ 1,500 பேர் கூடுதலாகச் சாலைகளில் மாண்டிருக்க வேண்டும் என்று மதிப்பிட்டார். அவ்வாறு மாண்டோர் இல்லங்களில் எவரும் ‘விமானத்துக்கு அஞ்சியதால் இறந்தார்’ என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் மழையில் வழுக்கினார், மற்றொருவர் உறங்கிவிட்டார் என்றே சொல்லியிருப்பார்கள். தனித்தனியே நிகழும் இறப்புகள் கண்ணுக்குப் படுவதில்லை.

நாம் பல்லாண்டுகள் ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பித்தவர்கள். எந்த எண்ணைக் கண்டாலும் ‘எத்தனையில் இத்தனை?’ என்று கேட்கும்படி பழக்க வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நமக்குச் சொல்லித் தரப்பெற்ற பாடம். அப்பழக்கத்தை இங்கும் கையாள்வோம். 2025-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் நிகழ்ந்த விமான விபத்தில், விமானத்தில் இருந்தோரும் தரையில் இருந்தோருமாக 260 பேர் மாண்டனர். அச்செய்தியைக் கேட்டு விமானப் பயணச்சீட்டை இரத்துச் செய்தவர்கள் நம் உறவினருள்ளும் உளர். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது மைய அரசின் அறிக்கை. வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். அஃதாவது அகமதாபாத் விபத்தினும் ஒன்றேமுக்கால் மடங்கு, ஒவ்வொரு நாளும், ஞாயிறு விடுமுறையும் இன்றி! தமிழ்நாட்டில் மட்டும் அவ்வாண்டில் 17,884 பேர். நாளுக்கு ஏறத்தாழ நாற்பத்தொன்பது பேர். நாட்டு மக்களில் விமானத்தில் செல்வோரினும் சாலையில் செல்வோர் மிகமிகப் பலர் ஆதலின் இவ்விரு எண்களையும் அப்படியே ஒப்பிடுதல் கணக்காகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒரே தொலைவை ஒருவர் இவ்விரு வழிகளுள் எதனால் கடப்பது உயிருக்குப் பாதுகாப்பு என்று கேட்டால், விமானமே என்பதில் அறிஞரிடையே ஐயம் இல்லை.

இதுவரை சொன்னது நம் உயிரைப் பற்றியது. நம் உயிரை நாம் எவ்வாறு பேணுவது என்பது முன்னெச்சரிக்கையைப் பற்றிய பேச்சு. அறம் தொடங்கும் இடம் வேறு. அவ்வறிக்கையையே மீண்டும் எடுத்துப் பார்ப்போம். 2022-இல் சாலையில் மாண்டோருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றோர்; ஏறத்தாழ இருபதின்மர் வெறுங்காலால் நடந்து சென்றோர். ஆக, மாண்டோருள் மிகப் பலர் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். விமானத்தில் ஏறும்போது நாம் நம் உயிரையும் நம்மோடு ஏறியவர் உயிரையுமே பெரிதும் பணயம் வைக்கிறோம். காரில் எண்பது, நூறு கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, நம் பயணத்தில் எவ்வகை ஊதியமும் இல்லாத ஒருவருடைய உயிரையும் பணயம் வைக்கிறோம். நெடுஞ்சாலை ஊரை இரண்டாக வெட்டிச் செல்லும் இடங்களைக் காணாதவர் யார்? கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு இப்பாலிருந்து அப்பால் செல்லும் மூதாட்டி, பள்ளி விட்டு மிதிவண்டியில் திரும்பும் சிறுமி, சுரங்கப் பாதை அரை மைல் தள்ளியிருப்பதால் நடுத்திட்டைத் தாண்டும் கூலியாள், இவர்கள் எவரையும் நாம் கலந்துகொண்டு ‘காரில் போகலாம்’ என்று முடிவு செய்வதில்லை. அறிக்கையின்படி சாலை இறப்புகளுள் எழுபது விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தோடு தொடர்புடையவை. வேகத்தைக் குறைப்பது ஓட்டுபவர் கையில் உள்ளது. ஓட்டுபவரை விரைவுபடுத்தாதிருப்பது பின்னிருக்கையில் அமர்ந்துள்ள நம் கையில் உள்ளது.

இனி, ஓட்டுபவரைப் பற்றியே பேச வேண்டும். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

டிசம்பர் மாதக் குழப்பத்துக்குக் காரணம் என்ன? விமானிகள் களைப்புறாமல் பணிபுரிய வேண்டும் என்பதற்காக வகுக்கப்பெற்ற புதிய விதிகள் 2025 நவம்பர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. ஒரு விமானி இரவு நேரத்தில் தரையிறக்கும் முறை ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பெற்றது. விதி வரப்போவது முன்பே தெரிந்திருந்தும் அதற்கேற்ற எண்ணிக்கையில் விமானிகளை ஆயத்தம் செய்யாமையே இரத்துகளுக்குக் காரணம் ஆயிற்று. நிறுவனத்தின் மீது சினம் கொள்வது முறையே. ஆனால் காத்திருந்தோர் பலர் விதியின் மீதே சினங்கொண்டதை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். “இவர்களுக்கு இத்தனை ஓய்வு எதற்கு?” என்றார் ஒருவர். அந்த ஓய்வு விமானிக்கு மட்டும் உரியதன்று; அவர் பின்னே அமர்ந்திருக்கும் நூற்றெண்பது பேருக்கும் உரியது. இறுதியில் மக்கள் படும் பாட்டைக் கருதி, இரவுப் பணி பற்றிய விதியிலிருந்து அந்நிறுவனத்துக்குச் சில காலம் விலக்கு அளிக்கப்பெற்றது.

விமானம் இரத்தானவர்கள் என்ன செய்தனர்? கைப்பேசியை எடுத்து ஒரு டாக்சியை அழைத்தனர். அந்த டாக்சியை ஓட்டியவர் முன்னாள் இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார்? கேட்டவர் எவரும் இரார். விமானியின் உறக்கத்தைக் கணக்கிட அரசு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. வாடகைக் கார் ஓட்டுநரின் உறக்கத்தைக் கணக்கிட யார் இருக்கிறார்கள்? 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று வரையறுத்தது உண்மைதான். ஆயின் அச்சட்டம் ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே பொருந்துவதாய் இருந்தது. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கும், நம் சொந்தக் காரை ஓட்ட ஒரு நாளைக்கு மட்டும் வரும் ‘ஆக்டிங் டிரைவ’ருக்கும் அதில் இடமில்லை.

உறக்கமின்மையை நாம் சிறு குறையாக எண்ணிப் பழகிவிட்டோம். 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் சோதித்துக் கண்டது இது: பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது. முழுநாளும் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் இசையும் வரம்பு 0.03 விழுக்காடே. மது அருந்தியவர் ஓட்டும் வண்டியில் நம் குழந்தைகளை ஏற்றுவோமா? மதுவை வீட்டு வாயிலுக்குள் விடாத குடும்பங்கள் நம்முடையவை. காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் நகருக்குள் ஓட்டிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு நம்மை ஏற்றிக்கொள்ளும் ஓட்டுநர் அதே நிலையில்தான் இருக்கிறார்; அவர் வாயில் நாற்றம் இல்லை, அவ்வளவே வேறுபாடு.

நம் அறநூலார் இதனை எண்ணாமல் விட்டுவிட்டார்களா? கொல்லாமை நோன்புக்கு நேரும் ஐந்து குற்றங்களுள் அதிபாரம் ஏற்றுதல் ஒன்று என்பதை அனைவரும் அறிவர். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல் ஆகியவற்றோடு, தாங்கும் அளவினும் மிகுதியாகச் சுமை ஏற்றுவதையும், உணவும் நீரும் கொடாமல் தடுப்பதையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். ஆனால் சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் மற்றோரிடத்தில், பொருள்வரைவு விரதத்துக்கு நேரும் குற்றங்களுள் முதலாவதாக ‘அதிவாகனம்’ என்பது கூறப்பெறுவதைப் பலர் கருத்தில் கொள்வதில்லை. எருது முதலியவற்றை, அவை எளிதில் செல்லக்கூடிய தொலைவினும் மிகுதியாக, ஆசையினால் ஓட்டிச் செல்லுதல் என்பது அதன் பொருள். அதனைக் கொல்லாமையின் கீழ் வைக்காமல் பொருளாசையின் கீழ் வைத்தது நுட்பமானது. எருதை அடித்து வருத்த வேண்டும் என்பது வண்டிக்காரனின் நோக்கமன்று. சந்தைக்கு ஒரு நாள் முந்திப் போய்விட வேண்டும் என்பதே அவன் எண்ணம். அந்த ஒரு நாள் ஆதாயத்துக்காக எருதின் கால்கள் தேய்கின்றன.

இன்று எருதின் இடத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். ‘வெள்ளி இரவு புறப்பட்டால் சனி காலை அங்கே, ஞாயிறு இரவு புறப்பட்டால் திங்கள் காலை அலுவலகம், ஒரு நாள் விடுப்பும் வீணாகாது, விடுதி வாடகையும் மிச்சம்’ என்று நாம் போடும் கணக்கில் மிச்சமாவது எல்லாம் அவருடைய இரண்டு இரவுகள். ‘அவர் விரும்பித்தானே வருகிறார், பேட்டா கொடுக்கிறோமே’ என்பர். ஒப்புக்கொண்டார் என்பதனால் களைப்பு நீங்கிவிடுவதில்லை. மறுத்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவழியிலும் வினை சேரும் என்று கற்ற நாம், சக்கரத்தைப் பிடித்தவர் மற்றொருவர் என்பதனால் விலகிக்கொள்ள இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் எழுவரோடு சிரவணபெளகொள சென்று திரும்பினோம். பெங்களூரைக் கடந்ததும் வண்டி இருமுறை ஓரக்கோட்டைத் தொட்டு மீண்டது. “தம்பி, நேற்று ராத்திரி எங்கே படுத்தே?” என்று கேட்டோம். “வண்டியிலதாம்மா. கொசு. ஒரு ரெண்டு மணி நேரம் கண்ணசந்தேன். அதுக்கு முந்தின நாள் தூத்துக்குடி டிரிப்பு” என்றார் அவர். நாம் தங்கிய இடத்தில் எழுவருக்கும் பாய், தலையணை, வெந்நீர் எல்லாம் இருந்தன. எட்டாவது ஆளுக்குப் படுக்கை கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த எவருக்கும் தோன்றவில்லை. ஓசூரில் வண்டியை நிறுத்தச் செய்து, அங்கிருந்த சிறிய விடுதியில் ஓர் அறை எடுத்து, நான்கு மணி நேரம் அவரை உறங்க விட்டோம். உடன் வந்தோருள் இருவர் அன்று முழுவதும் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலை அவர்களுக்கு அலுவலகம் இருந்தது. அவர்கள் வருத்தமும் பொய்யன்று.

நம் குடும்பங்களில் காரை ஓட்டுபவர் பெரும்பாலும் நம் பிள்ளையே ஆவார் என்பதையும் மறக்கலாகாது. வாரம் முழுதும் கணினி முன் அமர்ந்தவர், வெள்ளி மாலை அலுவலகத்திலிருந்து நேரே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறார். ‘எத்தனை மணிக்கு வருவாய்?’ என்று மணிக்கொருமுறை கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், அன்பினால்தான் எனினும், அவர் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

இரவுப் பயணத்தில் மற்றோர் உண்மையும் உண்டு. கிருஷ்ணகிரிப் பக்கம் மழைக்காலத்தில் இரவு முழுதும் ஓடிய காரின் முகப்புக் கண்ணாடியை விடியற்காலையில் பார்த்தவர்கள் அறிவார்கள். ஈசலும் விட்டிலும் பூச்சியுமாக அப்பிக் கிடக்கும். சுங்கச்சாவடி அருகே ஒரு சிறுவன் துணியால் துடைத்துக் காசு வாங்கிப் போவான். நான்முழம் நிலத்தைப் பார்த்து அடியெடுத்து வைக்கும் முனிவர்களை வணங்கும் நாம், அதனைத் துடைத்தெறியப் பழகிவிட்டோம். இல்லறத்தார்க்கு ஓரறிவுயிர் முதலியவற்றின் இழப்பை முற்றும் தவிர்க்க இயலாது என்பதை நூல்களே ஒப்புகின்றன. ஆனால் பகலில் போகக்கூடியவர் இரவில் போவது தவிர்க்க இயலாததன் கீழ் வாராது.

அவ்வாறாயின் விமானமே அறவழி என்று கொள்ளலாமா? அதுவும் அவ்வளவு எளிதன்று. முனிவர்கள் ஊர்தி ஏறுவதில்லை என்பது நம் மரபு. 1970-இல் சித்திரபானு ஜெனீவா மாநாட்டுக்கும், 1975-இல் ஆசாரிய சுசீல்குமார் அமெரிக்காவுக்கும் விமானத்தில் சென்றபோது, சுவேதாம்பரப் பிரிவினரிடையே எழுந்த எதிர்ப்புச் சிறியதன்று. 1980-இல் ஆசாரிய துளசி, முழுத் துறவுக்கும் இல்லறத்துக்கும் இடைப்பட்டதாக, ஊர்தி ஏற இசைவுள்ள ‘சமண்’ என்னும் நிலையை வகுத்துச் சிக்கலுக்கு வழி கண்டார். நம் திகம்பர முனிவர்கள் இன்றும் நடந்தே செல்கின்றனர். இல்லறத்தார்க்கு அத்தடை இல்லையெனினும் திக்விரதம் உண்டு. அதன் குற்றங்களைக் கூறும் தத்துவார்த்த சூத்திரம், மேலே, கீழே, பக்கங்களில் என மூவகை எல்லை மீறலைப் பிரித்துச் சொல்கிறது. மலை ஏறுவதைத் தவிர ‘மேலே’ செல்ல வழியில்லாத காலத்தில் அவ்வாறு பிரித்துச் சொன்னவர்களின் முழுமையை எண்ணி வியக்கிறோம்.

எரிபொருளின் புகையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள், முறையான கேள்வியே. இத்தகைய குறுந்தொலைவுக்கு, நால்வர் சேர்ந்து செல்லும் கார் தலைக்கு வெளியிடும் புகை விமானத்தினும் குறைவு. ஒருவரே செல்லும் காருக்கு அப்பெருமை இல்லை. இரண்டினும் குறைவு இரயில். சென்னையிலிருந்து பெங்களூர் வழியாக மைசூர் செல்லும் வந்தே பாரத் 2022 நவம்பரில் தொடங்கியது. நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூர் சேர்க்கிறது. இடம் கிடைத்தால் அதுவே நம் முதல் தேர்வு. இடம் கிடைப்பதுதான் அரிதாக உள்ளது.

இவை அனைத்துக்கும் முன்னே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இப்பயணம் வேண்டுமா? பயனில்லாமல் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் பிரமாதசரியையின்பாற் படுத்தி விலக்கியுள்ளார் சமந்தபத்திரர். பிறரைத் திரியச் செய்தல் என்பது நம்மைப் போன்ற முதியோர்க்காகவே சொன்னது போலும்! பெங்களூரில் உள்ள பிள்ளையை ஒரு மணி நேர நிச்சயதார்த்தத்துக்காக இரவோடிரவாக வரச் செய்து, ‘அவன் வந்தான், இவன் வரவில்லை’ என்று கணக்கு வைத்திருப்பவர்கள் நாமே அல்லவா? அந்தக் கணக்கை நாம் கைவிட்டால் பாதிப் பயணங்கள் பகற்பயணங்கள் ஆகிவிடும்.

கார் தேவைப்படும் இடங்கள் உள்ளன. வந்தவாசியிலிருந்து விமானத்தில் போக வேண்டுமெனில் முதலில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சாலையில் சென்று மீனம்பாக்கத்தை அடைய வேண்டும். பெங்களூருக்கு அது வழியே அன்று. படுக்கையில் உள்ள முதியவரை மருத்துவத்துக்கு அழைத்துச் செல்வோரும் காரையே நாட வேண்டும். அத்தகையோர் வண்டி பேசும்போது ‘கிலோமீட்டருக்கு எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன் ‘டிரைவர் நேற்று எங்கே போயிருந்தார்?’ என்று கேட்கட்டும். கதிரவன் எழுந்தபின் புறப்பட்டு மறைவதற்குள் சேரட்டும். இரவு தங்கும் இடத்தில் ஓட்டுநருக்கும் ஒரு கட்டிலுக்குச் சொல்லி வைக்கட்டும். சிரவணபெளகொளவின் அடுத்த மகாமஸ்தகாபிஷேகம் 2030-இல் வரும். அப்போது நம் ஊர்களிலிருந்து நூற்றுக்கணக்கான வண்டிகள் புறப்படும் ஆதலின், ஏற்பாடு செய்வோர் இப்போதே இதனை எண்ணி வைப்பது நலம்.

எஞ்சியிருப்பது கடினமான நேர்வு. இரவு பதினொரு மணிக்கு ஊரிலிருந்து அழைப்பு வருகிறது, தந்தை காலமாகிவிட்டார். காலை பத்து மணிக்கு எடுத்துவிடுவார்கள். பெங்களூரில் உள்ள மகன் என்ன செய்வான்? விடியற்கால விமானம் உண்டு. அது புறப்படுமா என்பதற்கு உறுதியில்லை. மீனம்பாக்கத்திலிருந்து ஊர் சேர மேலும் மூன்று மணி நேரம். ஆகவே அழுதழுது வீங்கிய கண்களோடு அவனே காரை எடுக்கிறான், அல்லது தூக்கத்திலிருந்த ஓட்டுநரை எழுப்புகிறான். அவனைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குறை சொல்ல வேண்டுமெனில் பத்து மணி என்று குறித்தவர்களையே சொல்ல வேண்டும். மாலை நான்கு மணிக்கு எடுத்தாலும் பொழுதோடு காரியம் முடிந்துவிடும்; கண்ணாடிப் பெட்டி இன்று எல்லாச் சிறு நகரங்களிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. ‘நேரமானால் உயிர்கள் தோன்றும், காலத்தே எடுப்பதே முறை’ என்று நம்மிலும் மூத்தோர் சொல்வதையும் அறிவோம். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். ஆயினும் இரவில் நெடுஞ்சாலையில் வரும் உயிர்களையும் அதே தராசில் வைக்க வேண்டும் என்றே சொல்வோம். நம் மக்கள் மூவரிடமும் இதனை எழுதியே கொடுத்துவிட்டோம். நமக்காக எவரும் இரவில் வண்டி ஏற வேண்டா. விடிந்தபின் புறப்பட்டால் போதும். அதற்குள் எடுத்துவிட்டிருந்தாலும், வீட்டுக்கு வந்து அம்மாவின் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் பகலிலேயே திரும்பலாம்.